இசக்கிமுத்துவைச் சரிபார்க்கப் போன நாட்கள்

பினாங்கிலிருந்து புறப்படும்போது தங்கை கேட்டாள், "கோயிலுக்கா, கல்யாணத்துக்கா?" இரண்டும் இல்லை, திருநெல்வேலியில் ஒருவருடைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவளுக்கு முன்பே ஒரு முடிவு உண்டு.

நான் ஒரு நூலகத்தில் அட்டவணை தயாரிப்பவள். வயது ஐம்பத்திரண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் நூலகக் கணினி தமிழ்த் தலைப்புகளைத் தாறுமாறாக வரிசைப்படுத்தியது. அதைச் சரிசெய்யப் போய், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய ஒரு திறந்தமூல மென்பொருள் திட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அதில் தமிழுக்கென்று பதினொரு தொகுப்புகள் உண்டு. எழுத்துருக்கள், விசைப்பலகை, பிழைதிருத்தி என்று ஒவ்வொன்றையும் ஒரு தன்னார்வலர் பராமரிக்கிறார். ஒன்றில் கைவைத்தால் இன்னொன்று உடையும். ஆகவே எல்லோரையும் கலந்து வேலையை நடத்த ஓர் ஒருங்கிணைப்பாளர் தேவை. ஆறு ஆண்டுகளாக அது நான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

மற்ற பத்துத் தொகுப்புகளும் ஒன்றின்மேல் நிற்கின்றன. தமிழ் எழுத்துகளைப் பிரித்து வரிசைப்படுத்தும் அடிப்படைத் தொகுப்பு அது. அதை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம் என்று மட்டும் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியாது. எங்கள் குழுவில் யாரும் யாருடைய படத்தையும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு நான்கு மாதம் அவரிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பிறகு திரும்பி வந்தார். வந்தவர் அதே ஆள்தானா என்பதுதான் என் சந்தேகம்.

பழைய இசக்கிமுத்து செவ்வாய், சனி இரண்டு நாட்கள் மட்டுமே வேலையை அனுப்புவார். அதுவும் இந்திய நேரம் பிற்பகல் மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையில். கடிதம் என்றால் இரண்டு வரி. புதியவர் எந்த நாளும் எந்த நேரமும் வந்தார். பத்தி பத்தியாக எழுதினார். போன மாதம், எஸ்தர் என்று நாங்கள் கேள்விப்பட்டிராத ஒருவரைத் தமக்கு இணையாகச் சேர்க்கச் சொன்னார். எங்கள் உலகில் திருடர்கள் இப்படித்தான் நுழைவார்கள். களைத்துப்போன ஒரு பராமரிப்பாளரின் சாவி கைமாறும். உதவிக்கென்று ஒரு புதுப்பெயர் வரும். பிறகு ஒருநாள், அதைப் பயன்படுத்தும் எல்லோருடைய கணினியிலும் வேண்டாத ஏதோ ஒன்று இறங்கியிருக்கும்.

சாவி என்று நான் சொல்வது கணினியில் இருக்கும் ஒரு ரகசியக் கோப்பு. அதைக் கொண்டு கையொப்பமிட்ட வேலையைத்தான் திட்டம் ஏற்கும். ஒரு சாவி இன்னாருடையதுதான் என்று உறுதிசெய்ய எங்கள் குழுவில் ஒரே முறை. இருவரும் நேரில் சந்திக்க வேண்டும். அரசு கொடுத்த, படம் போட்ட அட்டையை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும். சாவிக்குரிய, எழுத்தும் எண்ணும் கலந்த நாற்பது குறிகளை உரக்கப் படித்து ஒப்பிட வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான்.

புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை இசக்கிமுத்துவின் பதிவேற்ற உரிமையை நிறுத்திவைத்தேன். அதற்கான அதிகாரம் குழுவில் என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் திருடன் உஷாராகிவிடுவான். வெள்ளிக்கிழமையோடு அடுத்த வெளியீட்டுக்கான வாசல் அடைபடும். அதற்குள் இசக்கிமுத்து இசக்கிமுத்துதான் என்று எனக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அவர் பெயரை அடித்துவிட்டு, ஒன்பது ஆண்டு வேலையை வேறொருவர் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தையும் எழுதி வைத்திருந்தேன்.

திங்கள் மாலை ஜங்ஷன் அருகே ஒரு விடுதியில் இறங்கினேன். மேலாளர் என் கடவுச்சீட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"வெளிநாட்டு பாஸ்போர்ட்டுல்லா, கம்ப்யூட்டர்ல ஏத்தணும். இப்பம் நெட்டு இல்லம்மா. இங்கன இருக்கட்டும்."

"எப்போது கிடைக்கும்?"

"பைய தாரேன். எங்க போவப் போவுது?"

அவர் அதை வைத்த இழுப்பறை, இடப்பக்கம் மேலிருந்து இரண்டாவது. அவர் சட்டை, வெளிர்பச்சை. குறித்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை பத்து மணிக்குக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டை வாசலுக்கு எதிரே உள்ள டீக்கடையில் சந்திப்பதாக இசக்கிமுத்து எழுதியிருந்தார். பினாங்கில் பேருந்தின் நெற்றியில் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏறினால் போதும். இங்கே மதுரை என்று எழுதியிருந்த பேருந்தில் ஏறினேன், போகும் வழியில்தானே கங்கைகொண்டான் என்று. திருநெல்வேலியைத் தாண்டியபிறகு நடத்துநர் வந்தார்.

"யம்மா, இது கங்கைகொண்டான்ல நிக்காதே. கயத்தாறுலதான் எறங்கணும்."

"ஏறும்போது ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலல்லா."

பின்னிருக்கைக்காரர் என்னைச் சமாதானப்படுத்தினார். "கயத்தாறுல எறங்கி, எதுக்க வார வண்டில திரும்பி வாங்கக்கா. ஊரைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

தொழிற்பேட்டையின் கட்டடங்கள் சன்னலில் வந்து நின்று, என்னைப் பார்த்துவிட்டுப் போவதுபோலப் பின்னால் நகர்ந்தன. கயத்தாற்றில் இறங்கி, எதிர்ப்பக்கம் கோவில்பட்டியிலிருந்து வந்த பேருந்தில் ஏறித் திரும்பி வந்தபோது மணி பத்து ஐம்பது.

டீக்கடையில் நீலச் சீருடையில் நான்கைந்து பேர். ஒருவர் என்னை இரண்டு முறை பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் டீ வாங்கினேன். எங்கள் ஊரில் தே தாரிக் என்று ஆற்றித் தரும் டீயைவிடக் குறைவான நுரை, கூடுதலான இஞ்சி. நன்றாகவே இருந்தது. கடைக்காரர் விசாரித்தார்.

"யாரைத் தேடுதீய?"

"இசக்கிமுத்து."

"இங்கன முப்பது இசக்கிமுத்து இருக்கான். எந்தக் கம்பெனி?"

"தெரியாது."

"ஆளு எப்படி இருப்பான்?"

"பார்த்ததில்லை."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "போலீஸாம்மா?"

பன்னிரண்டரை வரை நின்றேன். மாலை நான்கு மணிக்குச் செய்தி வந்தது. 'இன்று நீங்கள் வரவில்லை. நாளை பாளையங்கோட்டையில் எஸ்தரைப் பாருங்கள்.' நான் வரவில்லையா? இதைக் குறிப்பேட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். நேரில் வரப் பயப்படுகிறவன் எழுதும் கடிதம் இது. இழுப்பறையையும் பார்த்தேன். கடவுச்சீட்டு இருந்தது. "நெட்டு இன்னும் வரலம்மா," என்றார் மேலாளர். சட்டை இன்று நீலம்.

புதன் காலை விடுதிக்குப் பக்கத்து மெஸ்ஸில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கிடைத்தன. இட்லி நேரத்தில் சோறா என்று சந்தேகத்தோடுதான் உட்கார்ந்தேன். பரிமாறியவர் கேட்காமலே நல்லெண்ணெய் ஊற்றினார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். திருநெல்வேலியில் நான் சந்தேகப்பட்டவற்றுள் முதலில் விடுதலையானது அந்த உளுந்தஞ்சோறு.

எஸ்தரைப் பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தலைக்கவசத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கேன். போன பொங்கல் சமயத்துல விசைப்பலகைத் தொகுப்பு ஒடைஞ்சுதே, எதனால?"

என் குறிப்பேட்டில் அவரிடம் கேட்பதற்கென்று மூன்றாவதாக எழுதி வைத்திருந்த கேள்வி அது.

"ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்றை மறந்துவிட்டோம்."

"சரிதான். ஆனா மடற்குழுக் கடிதங்களைப் படிச்சா யாரும் இதைச் சொல்லிரலாம்."

"நானும் அதையேதான் சொல்ல இருந்தேன்."

"பொறவு எதுக்குக் கேக்கீய?"

"கேட்டது நீங்கள்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். எட்டு மாதங்களுக்கு முன் வினாத்தாள் அச்சடிக்கையில் எழுத்துகள் உடைந்ததாம். அதை எழுதிக் கேட்டதில் இசக்கி அண்ணன் பழக்கமானாராம். இப்போது தொகுப்பைச் சரிபார்க்கும் சோதனைகளைப் பாதிக்குமேல் இவரே எழுதுகிறாராம். சொன்னதில் ஓட்டையில்லை. ஓட்டையில்லாமல் சொல்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்து அவர் சொன்னதற்கு நான் தயாராக இல்லை.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் ஏத்தப் பாத்தாவ. உரிமை இல்லைன்னு திருப்பி அடிச்சிட்டு. யாரு நிறுத்துனா, எதுக்குன்னு ஒரு வரி கெடையாது. அதே வாரம் நீங்க நேர்ல வாரேன், சாவியைப் பாக்கணும்னு எழுதுதீய. எங்க எடத்துல இருந்தா நீங்க என்ன நெனைப்பீய?"

"ஒருங்கிணைப்பாளரின் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைப்பேன்."

"அதேதான். அதான் மொதல்ல நான் பாக்கேன்னு வந்தேன்."

நிறுத்தியது நான் என்று அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதிரே இருப்பவர் யாரென்று உறுதியாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவர் வாங்கிக் கொடுத்த தேங்காய்ப் பன்னில் பாதியைத் தட்டிலேயே விட்டேன். புறப்படும்போது கல்லிடைக்குறிச்சி முகவரி ஒன்றை எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை அண்ணனுக்கு வார விடுப்பு, வீட்டில் இருப்பார் என்றார்.

செங்கோட்டை பாசஞ்சரில் போனேன். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் நெல். எதிரே இருந்த பெண் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு வந்தார். இசக்கிமுத்து எந்தெந்த நாளில் எந்தெந்த நேரத்தில் வேலையை அனுப்பினார் என்ற ஒன்பது ஆண்டுப் பட்டியல் அது.

"பஸ் டைமா?" என்றார்.

"இல்லை," என்று மடித்து வைத்தேன்.

அக்ரகாரத் தெருக்களைக் கடந்து பின்னால் போனால் சின்னச் சின்ன வாடகை வீடுகள். ஒரு வீட்டு முற்றத்தில் பாய் விரித்து அப்பளம் காயப்போட்டிருந்தது. ஓரமாகக் கால்வைத்து உள்ளே போனேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர் எழுந்து வந்தார். சட்டைப் பையில் டெஸ்டர். அவரை எனக்குத் தெரியும். டீக்கடையில் தம்ளரை வைத்துவிட்டுப் போனவர்.

தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கை நீட்டினார். "பாஸ்போர்ட்டைக் காட்டுங்க மேடம்."

கடவுச்சீட்டு இடப்பக்கம் மேலிருந்து இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. நூலக அட்டையை எடுத்தேன்.

"இது அரசு அட்டை இல்லையே. விதில நாலாவது வரி. நீங்க எழுதுனதுதான்."

அவர் தம் ஆதாரை எடுத்து, பின்பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டிவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்பளம் உருட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை ஏன் எழுந்து போனீர்கள்?" என்று கேட்டேன்.

"திருநெல்வேலில இருந்து வாரேன்னு எழுதுனிய. எறங்குனது கோவில்பட்டி வண்டில. அம்பது நிமிசம் லேட்டு வேற. சொன்ன தெசையில இருந்து வராத ஆள எப்படி நம்ப?"

கயத்தாறு வரை போன கதையைச் சொன்னேன். செல்வி உருட்டுகட்டையை வைத்துவிட்டுச் சிரித்தார். "இவுகளையும் மொத நாளு வேலைக்குப் போகையில கயத்தாறுக்குக் கொண்டு போயிட்டான் மேடம். அதை மட்டும் சொல்ல மாட்டாவ."

"ஏளா, நீ சும்மா இரி," என்றார் இசக்கிமுத்து.

நான் பட்டியலை விரித்தேன். மறைக்க இனி ஒன்றுமில்லை. "பழைய இசக்கிமுத்து இந்த நேரங்களில் மட்டும்தான் வருவார். நீங்கள் எல்லா நேரமும் வருகிறீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனார். செவ்வாய், சனி. செவ்வாய், சனி. பாதியில் விரல் நின்றுவிட்டது.

"செல்வி, இங்க வந்து பாரு. நம்ம பஸ்ஸு."

அவர் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளராக இருந்தவர். வேலையெல்லாம் மலைமேல் வீட்டில் உட்கார்ந்து செய்வார். அங்கே இணையம் எடுக்காது. வாரத்தில் இரண்டு நாள் உதிரிப்பாகம் வாங்க மலைப்பாதைப் பேருந்தில் கீழே வருவார். கல்லிடைக்குறிச்சியில் இறங்கியதும் செய்துவைத்த எல்லாவற்றையும் அனுப்புவார். திரும்பும் வண்டி வருவதற்குள் கடிதங்களுக்கு இரண்டிரண்டு வரியில் பதில் போடுவார். சென்ற ஆண்டு தேயிலைத் தோட்டத்தை மூடி, அங்கே குடியிருந்தவர்களைக் காலி செய்தார்கள். சாமான்களை இறக்கி, வீடு பிடித்து, கங்கைகொண்டானில் வேலை தேடிக்கொள்ள நான்கு மாதம் ஆயிற்று. இப்போது வீட்டுக்குள்ளேயே இணையம் எடுக்கிறது. அதனால் பத்தி பத்தியாக எழுதுகிறார்.

"நீங்க ஒன்பது வருசமா எழுதி வச்சிருக்கது என்னை இல்ல மேடம், அந்த டிரைவரை."

செல்வி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தார். மலையிலிருந்து கொண்டுவந்த தூளில் கடைசி டப்பா என்றார். என் அப்பா வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தை வீட்டுமனையாக்கியபோது, எங்கள் வீட்டிலிருந்தும் சில மாதங்கள் யாருக்கும் கடிதம் போகவில்லை. ஒரு மனிதர் நான்கு மாதம் பேசாமலிருக்கக் காரணம் என்னென்ன இருக்கலாம் என்று மற்றவர்களைவிட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியதோ திருட்டு.

"சனிக்கிழமை உங்கள் உரிமையை நிறுத்தியது நான்தான்," என்றேன். "யாரிடமும் சொல்லாமல் செய்தேன். உங்கள் பெயரை நீக்கும் கடிதமும் தயாராக இருக்கிறது."

அவர் டீயை முழுதும் குடித்துவிட்டுத்தான் பேசினார்.

"மலையில இருந்து எறங்கச் சொன்னப்பக்கூட ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாவ மேடம். நீங்க அதுகூடக் குடுக்கல."

செல்வி என் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இசக்கிமுத்து வாசல்வரை வந்தார். "நாளைக்கு ஷிப்டுக்கு முன்ன லாட்ஜுக்கு வாரேன். பாஸ்போர்ட்ட எடுத்து வைங்க. அதப் பாக்காம நான் எதையும் படிக்க மாட்டேன்."

வெள்ளி காலை ஏழரைக்கே வந்துவிட்டார். கடவுச்சீட்டு மேலாளரின் மேசைமேல் தயாராக இருந்தது. கணினியில் இன்னும் ஏறவில்லை என்று மேலாளர் கொடுக்கத் தயங்க, அவர் எதிரிலேயே உட்கார்ந்து வேலையை முடிப்பதாக ஒப்பந்தம். இசக்கிமுத்து என் படத்தையும் முகத்தையும் மூன்று முறை பார்த்தார். நான் அவர் ஆதாரை முன்னும் பின்னும் பார்த்தேன். பிறகு எண்களைப் படிக்க ஆரம்பித்தோம்.

"நாலு, ஏ, ஒம்பது, எஃப்."

"சரி."

"ரெண்டு, ரெண்டு, பி, ஏழு."

"சரி."

மேலாளர் இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "அண்ணாச்சி, லாட்டரி நம்பர்லாம் இங்கன வச்சுப் பாக்கக்கூடாது. தடை பண்ணியாச்சு, தெரியுமா?"

"லாட்டரி இல்ல வே. தமிழு," என்றார் இசக்கிமுத்து. மேலாளருக்கு அந்தப் பதில் கூடுதல் கலவரத்தைத் தந்தது என்று நினைக்கிறேன். நாற்பது முடியும்வரை எங்கள் பக்கத்திலேயே நின்றார். என் சாவியின் நாற்பதும் முடிந்தது. எல்லாம் பொருந்தின.

இசக்கிமுத்துவின் கைபேசி இணையத்தை வாங்கி, உரிமையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் பத்து நிமிடத்தில் வேலையை ஏற்றினார். அதன்மேல் நிற்கும் பத்துத் தொகுப்புகளும் ஒவ்வொன்றாகச் சோதனையில் தேறின. எஸ்தர் பெயரைச் சேர்த்தேன். நீக்கல் கடிதத்தை அவர் கண்முன்னே அழித்தேன்.

அதோடு விடவில்லை அவர். ஒரு பராமரிப்பாளரை நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும், நிறுத்துவதற்கு முன் காரணத்தை அவருக்கு எழுத வேண்டும் என்று விதியில் சேர்க்கச் சொன்னார். ஆபத்தான நேரத்தில் அது தாமதமாகும் என்று வாதாடிப் பார்த்தேன்.

"தாமதமானா ஆகட்டும் மேடம். ஒங்க சாவி தொலைஞ்சா, ஒங்க பேர்ல ஒருத்தன் எங்க பதினோரு பேரையும் ஒரே நாள்ல வெளிய தள்ளிருவானே. அத யோசிச்சியளா?"

யோசித்திருக்கவில்லை. ஆறு ஆண்டுகளாக எல்லோரையும் சந்தேகித்த நான், அந்த அதிகாரத்தை என் கையில் வைத்திருப்பதைச் சந்தேகித்ததே இல்லை. விதியை அங்கேயே எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன்.

கடைசி வேலை ஒன்று பாக்கி. ஒருவர் சாவியில் மற்றவர் கையொப்பமிடுவது. அப்போது கணினி ஒரு கேள்வி கேட்கும்: இந்த மனிதரை எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தீர்கள்? சரிபார்க்கவே இல்லை என்றால் ஒன்று, ஓரளவு என்றால் இரண்டு, மிகக் கவனமாக என்றால் மூன்று. போடும் எண் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கும். நான் அவருக்கு மூன்று போட்டேன்.

அவர் ஒற்றை விரலால் தட்டிவிட்டு, மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். இரண்டு.

"அட்டையைப் பார்த்தீர்கள். நாற்பதும் பொருந்தியது. விதிப்படி எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?" என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"விதிப்படி சரிதான்." மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தார். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.

"மூன்று போட நான் என்ன செய்ய வேண்டும்?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார்.

"அடுத்தாப்பல யாரையாவது நிறுத்தணும்னு தோணும்லா, அப்பம் அவுகளுக்கு ஒரு மெயில் போடுங்க. போடுதியளான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."